ஓடைக்கு மேலே எடுத்த மண்

குளிர் இன்னும் இருக்கிறது. பெட்டியும் மூடியும் சேரும் இடுக்கில் விரலை வைத்தால் தெரிகிறது, நூல் மாதிரி ஒரு குளிர், விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போகிறது. விரலுக்குத் தெரிகிற குளிர் பெட்டியைவிட்டு வெளியேறுகிற குளிர்தான் என்பதும் தெரியும், அதாவது இருக்கிறது என்று நான் நிம்மதி அடைகிற ஒவ்வொரு தடவையும் அது குறைந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் விரலை எடுக்க முடியவில்லை, எடுத்தால் இல்லையோ என்று இருக்கிறது. பேருந்து நின்று நெடுநேரம் ஆகிவிட்டது. முன்னால் ஒரு தேயிலை லாரி, அதற்கு முன்னால் சுற்றுலா வேன்கள், அவற்றுக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே குடங்கள். பச்சை, நீலம், சிவப்பு, வாய் உடைந்த ஒரு மஞ்சள். எல்லாம் காலி. குடங்களுக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மலையில் ஒரு சாலை மறியல், எனக்குத் தெரியாமல். இந்த ரோட்டின் குறுக்கே முதன்முதலில் உட்கார்ந்தவன் நான். அன்றைக்கு என்னோடு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் திருப்பூர் என்றும் கோயம்புத்தூர் என்றும் மலையைவிட்டே போய்விட்டார்கள், மீதிப் பேரில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், ஆனால் நான் இருக்கிறேன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர் சங்க ஆபீஸ் இருக்கிறது, கதவு திறந்துதான் இருக்கிறது, நேற்று மாலைகூட அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தி வந்து, தோழர், நாளைக்கு நடுப்பிரிவு ரோட்டில் உட்காரப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழக்கமும் சரியில்லை. 'தண்ணி வேணும், தண்ணி வேணும்' என்கிறார்கள். வேணும் என்பது கெஞ்சல். முழக்கம் 'கொடு' என்று முடிய வேண்டும், அந்தச் சொல்லில் கை மேலே போக வேண்டும். இவர்கள் முழக்கத்துக்கு நடுவில் வெற்றிலை மடிக்கிறார்கள். ஒருத்தி மடியில் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறாள். விரல். இருக்கிறது.

பெட்டிக்குள் மண். ஓடைக்கு மேலே, சோலைக்குள், பள்ளம் இருந்த இடத்தில் எடுத்த மண், பைக்கு ஒரு பிடியாகக் கட்டி, பைகளைச் சுற்றி நீல நிற ஜெல் கட்டிகளை அடுக்கி, பஸ் ஸ்டாண்ட் பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டியில் கெஞ்சிக் கேட்டு உறைய வைத்த கட்டிகள், மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டி, அந்த டேப் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி ஒரு மூலையில் விட்டுவிட்டது, அங்கேதான் என் விரல். ஒட்டியவள் மெஹ்ருன்னிசா, கோவையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரப் பெண், மெலிந்த உடம்பு, அட்டை கடித்தால் எண்ணிக்கொண்டே பிய்த்துப் போடுகிறவள். காட்டிலாகா கொடுத்த அனுமதி இன்று மாலையோடு முடிகிறது, மேல்சோலையில் எடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது, அவள் இறங்கி வர முடியாது, எடுத்த மண்ணைக் காத்திருக்க வைக்கவும் முடியாது. "ஐயா, குலுங்குனா பரவாயில்ல, சூடாகக் கூடாது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல எங்க வண்டி நிக்கும். சூடாச்சுன்னா உள்ள இருக்கிறது வேற மண்ணாயிரும்." மண் எப்படியம்மா வேற மண்ணாகும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, தெரியாதவன் என்று நினைத்திருப்பாள், ஆனால் அவள் அப்படி நினைக்கிறவள் இல்லை, மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். ஒரு சிட்டிகைக்குள் இந்த மலையில் இருக்கிற மனிதர்களைவிட அதிகமான பாக்டீரியா. இலையை மக்க வைக்கிற கூட்டம் ஒன்று, காற்றிலிருந்து சத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கிற கூட்டம் ஒன்று, சும்மா கிடந்து காலம் பார்க்கிற கூட்டம் ஒன்று. சோலை மரத்தின் அடியில் ஒரு சமூகம், பத்தடி தள்ளித் தேயிலைக்குள் வேறு சமூகம். சமூகம் என்றுதான் சொன்னாள். நான் சிரித்தேன். அமைப்பாக்கப்படாத தொழிலாளர்கள் என்றேன். அவளும் சிரித்தாள். சூடானால் என்ன ஆகும் என்றால், அவர்களில் வேகமாகப் பெருகுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், குளிரில் அடங்கிக் கிடப்பார்கள், சூடு கண்டதும் ஒன்று இரண்டாகி இரண்டு நாலாகி மற்ற எல்லாரையும் மூடிவிடுவார்கள், மெதுவானவர்கள், மண்ணை இத்தனை காலம் கட்டிக் காத்தவர்கள், அடியில் போய்விடுவார்கள், எண்ணிப் பார்த்தால் வேகக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். இதை எனக்குச் சொல்ல வேண்டுமா. இரண்டு சங்கங்கள் உடைந்ததை உள்ளே இருந்து பார்த்தவன் நான். சூடு ஏறின ஒவ்வொரு தடவையும் யார் பெருகினார்கள், யார் அடியில் போனார்கள் என்று என்னைக் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வேன்.

ஆனால் அவளுக்கு வேண்டியது அந்தக் கூட்டங்கள் எதுவும் இல்லை, எனக்கும் இல்லை. வேறு ஒரு கூட்டம் இருக்கிறதாம், பூச்சிமருந்தைத் தின்று பிழைக்கப் பழகினது. மருந்து கொட்டின இடத்தில் மற்றவை சாகும், இவை பழகிக்கொள்ளும், தின்று பெருகும். மருந்தே காணாத காட்டுக்குள் இவை கூட்டமாகக் குடியிருந்தால், அங்கே மருந்து வந்திருக்கிறது. மண்ணில் மருந்தின் மிச்சம் இருக்கிறதா என்றும் தனியாகப் பார்ப்போம், இரண்டும் சேர்ந்து பொய் சொல்லாது என்றாள். முப்பது வருடமாக நான் சொன்னது. முப்பது வருடமாக, மேடை போட்டு, மேடை கிடைக்காதபோது பெஞ்சு போட்டு, பெஞ்சும் கிடைக்காதபோது டீக்கடைப் படியில் நின்று, துண்டறிக்கை அடித்து, அச்சகத்தில் மை காயுமுன் எடுத்துப் போய்த் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு வீடு வீடாகக் கொடுத்து. எஸ்டேட் கம்பெனி காலாவதியான பூச்சிமருந்து ட்ரம்களை ஓடைக்கு மேலே சோலைக்குள் பள்ளம் வெட்டிப் புதைத்தது. டிராக்டர் நிறைந்து ஏறியதை நான் பார்த்தேன். காலியாக இறங்கியதைப் பார்த்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி சோலைக்குள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தார். "நல்ல காட்டு மண் வாசனைய்யா இது, இதுல என்ன விஷம்" என்றார், கையைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார், அவ்வளவுதான் விசாரணை. இப்போது இந்தப் பெண் சொல்கிறாள், அந்த வாசனையே பாக்டீரியா விடுகிறதுதானாம். அப்படியானால் அந்த ஆள் சாட்சிகளை மூக்கால் முகர்ந்துவிட்டுப் போயிருக்கிறார். என்னையும் அப்படித்தான். எல்லாரும் முகர்ந்துவிட்டுப் போனார்கள். எம்.எல்.ஏக்கள், பத்திரிகைக்காரர்கள், என்னிடம் டீ குடித்துவிட்டு என்னையே கோமாளி என்று எழுதியவர்கள். நாளைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி சொன்னால் நம்புவார்கள். நான் சொன்னபோது இருந்த அதே உண்மை. கிருமிக்குக் கோபம் வராது, அதனால் நம்புவார்கள். இதை நினைத்தால் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை, பெட்டியை அழுத்திப் பிடிக்கிறேன், பிடித்தால் என் உடம்புச் சூடு போகும் என்று விடுகிறேன்.

"ஏனுங்க பெரியவரே, எறங்கலீங்களா?" கண்டக்டர். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான், பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. அப்போதுதான் பார்க்கிறேன், பேருந்து காலி. சீட்டுகளில் கடலைத் தோல், ஒரு ஒற்றைச் செருப்பு. எல்லாரும் மூட்டை முடிச்சோடு ரோட்டோரமாக நடந்து குடங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். "அக்கட்டால எங்க வண்டி ஒண்ணு மேல வந்து மாட்டிக்கிச்சுங்க. அதத் திருப்பி அப்படியே கீழ விடறாங்க. நடந்து போறவங்கள அவிய ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க. நீங்களும் போயிருங்க." எனக்குத் தெரியும் என்றேன். நடக்கிறவர்களை மறிக்கக் கூடாது, வண்டியைத்தான் மறிக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. ஆம்புலன்ஸ், பால் வண்டி, பிணம், கல்யாண வண்டி, இந்த நாலுக்கும் வழி விட வேண்டும் என்பதும் நான் போட்டது. "அப்பறம் என்னுங்க?" நான் மறியலைத் தாண்ட மாட்டேன் என்றேன். இதுவரைக்கும் தாண்டினதில்லை. எதிர்ச் சங்கம் உட்கார்ந்தபோதுகூடத் தாண்டினதில்லை, கீழே ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்தபோது ஒற்றையடிப் பாதையில் சுற்றிப் போனேன், குறுக்கே உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் கால் தூக்கி வைத்தால் அந்தக் கால் முதலாளியின் கால். கண்டக்டர் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்தபடியே, "விடப்பா, அவர் கட்சிக்காரரு" என்றான். "கட்சிக்காரருன்னா? டிக்கெட் எடுத்தவரு பொள்ளாச்சி போகோணுமில்ல?" எடுத்த டிக்கெட் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் எஸ்டேட் அசிஸ்டென்ட் மேனேஜர் சோலைப் பாதையில் ஜீப்பை நிறுத்தி, "மேடம், நான் கீழதான் போறேன், பெட்டியக் குடுங்க, எறக்கி விட்டுர்றேன்" என்றான், அவள் வாயைத் திறப்பதற்குள் நான் வேண்டாம் என்றேன். கம்பெனியைக் குற்றம் சொல்லும் மண் கம்பெனி ஜீப்பில் போகாது என்றேன். நன்றாகச் சொன்னேன், மேடையில் என்றால் கைதட்டியிருப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்த ஜீப் இந்நேரம் பொள்ளாச்சியில் நிற்கும்.

வெயில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மலையில் வெயில் சுடாது என்று சமவெளிக்காரர்கள் நினைக்கிறார்கள், மேகம் விலகினால் இங்கே ஊசி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிழல் பக்க சீட்டுக்கு மாறினேன். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினேன். போர்த்திய பிறகு பார்த்தால், தோழர்கள் செத்தால் போர்த்துவது மாதிரியே இருக்கிறது, மடியில் ஒரு சின்னச் சவம். எடுத்தேன். வெயில் வந்தது. மறுபடி போர்த்தினேன். சவம் என்றால் வழி விடுவார்கள், பிணத்துக்கு வழி உண்டு, சட்டம் நான் போட்டதுதான். இசக்கி இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள். என் பெண்டாட்டி, கொழுந்து பறிக்கிறவள், சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருநாள், "கசக்குது" என்றாள். அந்த ஒரு சொல்தான். கசக்குது. அப்புறம் சிறுநீரகம் என்றார்கள், கோவைக்குக் கொண்டு போனோம், கொண்டு வந்தோம். கசக்குது என்று அவள் சொன்னதை நான் கூட்டத்தில் சொன்னேன், கூட்டம் ஊருக்குச் சொன்னது, நான் எழுதினேன், "இந்த ஓடையில் குடம் வைப்பவர் பிள்ளைக்குச் சாவை மொண்டு வருகிறார்" என்று தலைப்புப் போட்டு. அதற்குப் பிறகு ஒரு பெண்கூட அந்த ஓடையில் குடம் வைக்கவில்லை. எத்தனை போராட்டம் தோற்றிருந்தாலும் அது ஒன்று வெற்றி, ஒரு மலையே என் சொல்லைக் கேட்டு ஒரு ஓடையை விட்டுவிட்டது, பஞ்சாயத்து லாரியில் தண்ணீர் விட வேண்டி வந்தது. கசக்குது. அவள் அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தாள். இது இப்போது எதற்கு. காய்ச்சல் இருந்தது, இரண்டு நாளாகவே இருந்தது, காய்ச்சல் வாய்க்கு எல்லாம் கசக்கும், நான் கொடுத்த கஞ்சியையும் கசக்கிறது என்று வைத்துவிட்டாள், அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை, கஞ்சியைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும், கூட்டம் தண்ணீருக்காகப் போட்டது. டிராக்டர் நிறைந்து ஏறியதைப் பார்த்தேன், காலியாக இறங்கியதைப் பார்த்தேன். நடுவில் பார்த்தேனா. நடுவில் சோலை இருந்தது. மூடுபனி. பள்ளம் பிறகு பார்த்தேன், பன்றி கிளறின மாதிரி இருந்தது, பன்றிதான் கிளறியது என்று கம்பெனி வக்கீல் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், நான் அவனைப் பார்த்துக் கத்தினேன். கத்தாமல் இருந்திருக்கலாம். விரல். இருக்கிறதா. இல்லை. இருக்கிறது. மெல்ல.

இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் இல்லாமல் போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறேன். மறியலைத் தாண்டாதவன் என்று உட்கார்ந்திருக்கிறேன், அது உண்மைதான், அது மட்டும்தானா. இப்படி வைத்துப் பார்க்கிறேன்: உள்ளே அந்தக் கூட்டம் இல்லை. மருந்தின் மிச்சமும் இல்லை. நல்ல காட்டு மண். மெஹ்ருன்னிசா போன் செய்வாள், குரலைத் தாழ்த்துவாள், "ஐயா" என்பாள், அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் கேட்காது. முப்பது வருடம். இசக்கியின் வாய் கசந்தது, அவ்வளவுதான். அப்படி ஒரு தாள் வராமலே இருந்தால், ஜெல் உருகி, வேகக்காரர்கள் பெருகி, மண் வேறு மண்ணாகி, "சாம்பிள் கெட்டுப் போச்சு, ஒண்ணும் சொல்ல முடியல" என்று வந்தால், நான் மறுபடி பெஞ்சுமேல் ஏறலாம். ஆய்வு செய்ய விடாமல் தடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். தடுத்தது யார் என்று கேட்டால், தண்ணீர் கேட்ட பெண்கள். ச்சீ. நான் அப்படி நினைக்கவில்லை. நினைத்தது யார். வெயில், பசி, காலையிலிருந்து ஒரு டீதான் குடித்தது. சின்ன வயதில் வாங்கின துண்டறிக்கை ஒன்றில் படித்தேன், உண்மைக்குப் பயப்படுகிறவன் மக்களுக்குப் பயப்படுகிறான் என்று, காலணாவுக்கு விற்ற தாள், எழுத்துக்கூட்டிப் படித்தேன், அதைப் படித்துத்தான் எழுத்தே வந்தது. அதையே எத்தனை பேர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குள் அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு என் பக்கமும் இல்லை, கம்பெனி பக்கமும் இல்லை. தின்றால் தின்றோம் என்பார்கள், தின்னாவிட்டால் இல்லை. அவள் மண் எடுக்கிற கம்பியை ஒவ்வொரு இடத்தில் குத்தி எடுத்த பிறகும் ஸ்பிரிட்டில் துடைத்து நெருப்பில் காட்டினாள், ஓரிடத்து மண் இன்னோரிடத்துக்காகப் பேசிவிடக் கூடாதாம். நாங்கள் எதையும் துடைத்ததில்லை. ஒரு லைனில் கேட்டதை அடுத்த லைனில் போட்டோம், அங்கே கேட்டதை மேடையில் போட்டோம்.

"யாருடா அது எறங்காம உக்காந்திருக்கிறதுன்னு பாத்தா, நம்ம தோழர்." படியில் ஏறி நிற்கிறாள் அமலோற்பவம். என் சங்கத்தில் இருந்தவள், பெண்கள் கமிட்டிக்கு நான் போட்ட செயலாளர், ஒருநாள் எழுந்து போய்த் தனியாக ஒன்று ஆரம்பித்துவிட்டாள், பெயர்கூட வைக்கவில்லை அதற்கு. முடி நரைத்துவிட்டது. கையில் வெற்றிலை. "எங்களுக்கு ஆதரவாவா உக்காந்திருக்கீங்க, எதிர்ப்பாவா? கீழ பந்தயமே ஓடுது." மறியலைத் தாண்ட மாட்டேன் என்றேன். "தாண்டாட்டிப் போங்க. எறங்கி வந்து எங்களோட உக்காரலாம்ல? அதும் இல்ல, இதும் இல்ல, பஸ்ஸுக்குள்ள சீட்டுல உக்காந்துட்டு, இதென்ன போராட்டம் தோழர்?" ஜன்னலுக்குக் கீழே பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ஏறிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியனுப்பிச்சியா நீ? என் ரோட்டுல உக்கார்றதுக்கு?" என்றேன். "சொன்னா என்ன ஆகும்? வருவீங்க. மைக் எங்கன்னு கேப்பீங்க. பத்து நாளா லாரி வரல, எங்களுக்குத் தண்ணி வேணும், பேச்சு வேணாம்." என் மடியைப் பார்த்தாள். "துண்டு போட்டு மூடி என்ன வச்சிருக்கீங்க, மீன் பொட்டியா?" மண் என்றேன். "மண்ணா?" ஜன்னல் பக்கம் குனிந்து, "ஏட்டி, தோழரு பொள்ளாச்சிக்கு மண்ணு கொண்டுபோறாராம், அங்க மண்ணு தட்டுப்பாடாம்" என்றாள். மறுபடி சிரிப்பு. ஓடைக்கு மேலே பள்ளத்து மண் என்றேன். சிரிப்பை நிறுத்தினாள். எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். சொன்னேன், மெஹ்ருன்னிசா சொன்னதை என்னால் முடிந்த அளவுக்கு, மருந்து தின்னும் கூட்டம், குளிர், கீழே நிற்கிற வண்டி. சொல்லச் சொல்ல எனக்கே துண்டறிக்கை மாதிரிக் கேட்டது. அவள் பெட்டியின்மேல் கையை வைத்தாள். வெற்றிலைச் சாறு படிந்த விரல்கள். "அப்ப இதுல தெரிஞ்சிருமா? ஆமாவா இல்லையான்னு?" தெரியும் என்றேன். அவள் கையை எடுத்தாள். பிறகு, "இசக்கி அக்கா சொன்னதுக்கு மறுநா நானும் போய்க் குடிச்சுப் பாத்தேன்" என்றாள். "எனக்குக் கசக்கல."

எனக்குக் கசக்கல.  என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பேன். "எங்க சொல்ல விட்டீங்க? மைக் உங்க கையில இருந்துச்சு." கோபமே இல்லாமல் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழகினவன். "எனக்குக் கசக்கலங்கிறதால விசம் இல்லன்னு ஆயிருமா? அதும் இல்ல. அக்காவுக்கு அப்பறம் எங்க லைன்லயே ரெண்டு பேர் கிட்னி போயித்தான் செத்தாங்க. எனக்குத் தெரியல தோழர். அந்த ஓடைச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் படுக்குறோம். ராத்திரி பகலா ஓடுது. குடத்த எடுத்துக்கிட்டு அதத் தாண்டித்தான் லாரிக்குப் போறோம். எம் மருமக கேக்குறா, இதுல என்னதான் அத்த இருக்குன்னு. தோழர் சொன்னாருன்னு சொல்றேன். அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு?" அப்போது நான் கேட்டேன், கேட்கக் கூடாது என்று நினைத்ததை, "இல்லன்னு வந்துச்சுன்னா?" அவள் என்னைப் பார்த்தாள், இவருக்கு என்ன ஆயிற்று என்பது மாதிரி. "இல்லன்னு வந்தா ஓடையில குடம் வைப்போம். இருக்குன்னு வந்தா கம்பெனிக் கேட்டுல போய் உக்காருவோம். இதுல என்ன இருக்கு?" என்றாள். இதில் என்ன இருக்கிறது. முப்பது வருடமாக இதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று இருந்தேன். இல்லை என்பது தோல்வி என்று ஒரு பெயர்தான் எனக்குத் தெரியும், அதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் இருக்கிறது என்று எந்தத் துண்டறிக்கையிலும் படிக்கவில்லை, எழுதவும் இல்லை.

விரல் வைத்துப் பார்க்கவில்லை. எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. "மடியில வச்ச மாதிரியே தூக்குனா நடக்க முடியுமா? இடுப்புல வைங்க, கொடம் வைக்கிற மாதிரி" என்றாள். இடுப்பில் நிற்கவில்லை, எனக்கு இடுப்பே இல்லை, தோளில் வைத்துக்கொண்டேன். துண்டை அவள் எடுத்து மூடிமேல் போட்டு முடிந்துவிட்டாள், விட்டுப்போன மூலையையும் சேர்த்து இறுக்கி. "அப்ப வண்டிக்கு வழி விடறீங்களா?" என்று கண்டக்டர் ஆசையோடு கேட்டான். "மண்ணுக்கு மட்டும். நீ பிணமா, பாலா?" என்றாள் அமலோற்பவம், டிரைவர் ஸ்டியரிங்மேலேயே சிரித்தான். தார் ரோடு சுட்டது, செருப்பைத் தாண்டிச் சுட்டது. லாரியைக் கடந்தேன், வேன்களைக் கடந்தேன், வேனுக்குள்ளிருந்து யாரோ போன் நீட்டிப் படம் எடுத்தார்கள். தோளில் பெட்டி, காதுக்குப் பக்கத்தில், உள்ளே ஜெல் கட்டிகள் நகர்ந்து முட்டும் சத்தம் கேட்டது, கட்டியாகத்தான் இருக்கிறதா, தண்ணீராகிவிட்டதா, கட்டி மாதிரித்தான் கேட்டது. ஓரமாகப் போயிருக்கலாம், எல்லாரும் ஓரமாகத்தான் போனார்கள், என் கால் நடு ரோட்டிலேயே போனது. குடங்களுக்கு முன்னால் வந்து நின்றேன். கயிறு எதுவும் இல்லை, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான், ஒரு காற்றுக்குத் தாங்காது, எத்தனை தடவை நான் பாறாங்கல் உருட்டி வைத்திருக்கிறேன் இந்த இடத்தில். முழக்கம் நின்றிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ, வாயில் வழக்கமாக வருகிற முதல் வரிகூட வந்தது, அன்பார்ந்த உழைக்கும் பெருமக்களே, விழுங்கிவிட்டேன். "வழி விடும்மா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இந்த ரோட்டில் அதைச் சொன்னவர்களை எனக்குத் தெரியும், கலெக்டர் சொல்லியிருக்கிறார், போலீஸ் சொல்லியிருக்கிறது, நான் சொன்னதில்லை. "வழி விடும்மா, மண்ணு சூடாயிரும்." பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் பிள்ளையின் தலையை விடாமலே ஒற்றைக் கையை நீட்டி வாய் உடைந்த மஞ்சள் குடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு ஆள் போகிற இடம். கால் தூக்கி வைத்தேன். அந்தப் பக்கம் பேருந்து புகையைக் கக்கிக்கொண்டு திரும்பி நின்றது. பின்னால், குடத்தைத் திரும்ப இடத்தில் வைக்கிற சத்தம் கேட்டது, காலிக் குடத்தின் சத்தம், அதற்குப் பிறகு முழக்கம்.